ஸ்லோ ரேசில் கனகாம்பாள்

போகியன்று காலையில் பழைய பாய்களை எரித்துவிட்டு வந்த பச்சையப்பன், துண்டை உதறிக்கொண்டே சொன்னான்:

"பொங்கல் கழிச்சி பாலை நானே எடுத்துக்கினு போறேன். காலு நல்லாயிடுச்சி. நீ ஊட்டைப் பாரு."

எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி கனகாம்பாளின் கை சற்று நின்றது.

போன ஆடியில் எரு ஏற்றிப் போன வண்டி மாடு மிரண்டு, சக்கரம் அவன் கணுக்காலில் ஏறிவிட்டது. அவன் படுக்கையில் விழுந்ததும், செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பால் கொண்டுபோக ஆளில்லாமல் போயிற்று. பட்டணத்துப் பால் வியாபாரி காலை ரயிலில் ஏறிவிட்டால் அன்றைய பால் வீண்தான். கொஞ்ச நாள் கனகாம்பாள் சைக்கிளில் கேனைக் கட்டித் தள்ளிக்கொண்டே நடந்தாள். பிறகு களத்துமேட்டில் விழுந்து எழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஓட்டப் பழகினாள். நடவுக்குச் செருகுவதுபோல் புடவையை ஏற்றிச் செருகி, ஒரு மேட்டில் கால் ஊன்றி, மற்றக் காலைச் சைக்கிள் பாருக்கு மேல் தூக்கிப் போட்டு ஏறுவாள். ஏரிக்கரைப் பாதை ஒற்றையடி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சேறு. வேகமாகப் போனால் பால் தளும்பும். ஆகவே விழாத அளவுக்கு மட்டும் மிதித்து, ஊர்ந்து ஊர்ந்து போவாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனியாக ஊர் எல்லையைத் தாண்டாதவள் அவள். இப்போது வியாபாரியிடம் நின்று அவளே விலை பேசினாள். பிளாட்பாரத்தில் கீரைக்கட்டோடு காத்திருக்கும் பெண்களிடம் நாலு ஊர்ச் செய்தி கேட்டாள். திரும்பி வரும்போது காலிக் கேன்கள் கடகடக்க, கரைக்காற்று முகத்தில் அடிக்கும். அதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டான் புருஷன்.

காணும் பொங்கலன்று ஊரில் சைக்கிள் விழா. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் வாலிபர்கள் மன்றம் வைத்து மூன்று வருஷமாக நடத்தி வந்தார்கள். சக்கரமெல்லாம் கலர் காகிதம் சுற்றி ஊர்வலம், திருநின்றவூர் வரை ஓட்டப் பந்தயம், சாயங்காலம் ஸ்லோ ரேஸ். ஸ்லோ ரேசில் கடைசியாகக் கோட்டைத் தொடுபவருக்குத்தான் பரிசு. கால் தரையில் பட்டால் அவுட்.

பொங்கல் பானையை இறக்கிய கையோடு கனகாம்பாள், மன்றத்துச் செயலாளர் ராஜவேலுவைத் தேடிப் போனாள். அவன் மைக் செட்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஸ்லோ ரேஸ்ல என் பேரையும் சேத்துக்கோ தம்பி."

"பொம்பளைங்களுக்குக் கோலம் இருக்குது அண்ணி. எலுமிச்சம்பழம் ஸ்பூன் இருக்குது."

"சைக்கிள் ஓட்டத் தெரிஞ்ச எல்லாரும் வாங்கன்னு நேத்து மைக்ல நீதான சொன்ன?"

"சொன்னேன்..."

"எனுக்கு ஓட்டத் தெரியும்."

ராஜவேலு தலையைச் சொறிந்தான். "அண்ணன் இன்னா சொல்லுவாரு?"

"அவரு சொல்றத நான் கேட்டுக்கறேன். நீ பேரைச் சேரு."

செய்தி அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. பச்சையப்பன் சத்தம் போடவில்லை. "அப்ப நானும் வர்றேன்" என்றான். "காலு ஆயிடுச்சா இல்லியான்னு ஊரே பாக்கட்டும்."

வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். முதல் சுற்றில் கனகாம்பாள் ஓட்டினாள். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறியபோது விசில் பறந்தது. அவளோடு புறப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றிவிட்டார்கள். விசில் அடித்தவர்களில் ஒருவன் முதலில் ஊன்றினான். இரண்டாவது சுற்றுக்கு அதே சைக்கிளைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவள் கைச்சூடு ஆறாத ஹேண்டில் பாரைப் பிடித்து அவனும் ஜெயித்தான்.

இரண்டு சுற்றிலும் ஜெயித்தவர்களுக்குள் கடைசிச் சுற்று; அவர்கள் இருவரும்தான்.

"மன்றத்து சைக்கிள் ஒண்ணு இருக்குது. யாருக்கு?" என்றான் ராஜவேலு.

"அதை எனுக்குக் குடு. அவரு நம்ம சைக்கிளையே வச்சிக்கட்டும்" என்றாள் கனகாம்பாள்.

பச்சையப்பன் முகம் கறுத்தது. "எனுக்காக ஒண்ணும் நீ விட்டுக்குடுக்க வேணாம்."

"விட்டுக்குடுக்கல. எதுல ஏறினாலும் எனுக்கு ஒண்ணுதான்."

ஒன்றல்ல என்பது ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்தது. சீட்டு உயரம். பெடல் கால் நுனிக்குத்தான் எட்டியது. ஹேண்டில் பார் இடது பக்கமாக இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏரிக்கரையில் போவதாக நினைத்து ஊர்ந்தாள். பக்கத்துக் கோட்டில் அவனும் அதே மாதிரி ஊர்ந்து வந்தான்.

பாதி தூரத்தில் பார்த்தாள். பெடலில் இருந்த அவன் கணுக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வேர்வை. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு மிதி மிதித்து அவள் முன்னே போய்விட்டால் போதும், அவன் மானம் பிழைத்துவிடும். மிதிக்கலாமா என்று அவளுக்கே ஒரு தயக்கம் வந்தது. மிதித்தால் நாளைக் காலையில் பால் கேன் யார் கையில் இருக்கும் என்றும் உடனே தோன்றியது. பிரேக்கைப் பிடித்தாள். ஹேண்டில் பாரை இப்படியும் அப்படியும் ஒடித்து, நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவனும் நிற்கப் பார்த்தான். சைக்கிள் சாய்ந்தது. கால் தரையில் பட்டது.

ராஜவேலு விசில் ஊதினான். அதோடு போட்டி முடிந்துவிட்டது, அவள் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அதே ஊர்தலில் கோடு வரைக்கும் போய்ச் சேர்ந்தாள். அங்கே இறங்கக் கால் ஊன்ற மேடு எதுவும் இல்லை. நொண்டிக்கொண்டே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டவன் பச்சையப்பன்தான்.

பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தூக்கோடு வீட்டுக்கு நடந்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என் காலு ஆடிச்சி. பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துமா நின்ன?"

"நின்னேன்." சற்று தூரம் போனபின் சொன்னாள்: "பாலு நான்தான்யா எடுத்துக்கினு போவேன். உன் காலு ஆவறவரைக்கும்னு சொல்லல. ஆனப்புறமும் நான்தான்."

வீட்டு வாசல் வந்ததும் அவன் சைக்கிளைத் திண்ணையோரம் சாத்தினான். ராத்திரி சோற்றைத் தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

விடியற்காலையில் அவள் கறந்து முடித்து எழுந்தபோது சைக்கிளைக் காணவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் ஸ்டாண்டு போட்டு, கேன் கட்டுகிற டியூப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் பச்சையப்பன். அவள் கையிலிருந்த கேனை வாங்கிக் கட்டினான். மற்றதையும் போய் எடுத்து வந்து கட்டினான்.

"மத்தியானம் எனுக்கு சைக்கிள் வேணும். புல்லு அறுத்தாரணும்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ரயிலு போனதும் வந்துடுவேன்."

கனகாம்பாள் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னாலிருந்து அவன் ஒரு தள்ளு தள்ளிவிட்டான். "தள்ளாதய்யா, பாலு தளும்புது" என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் திரும்பினாள்.