இரண்டாவது ஆள்

மாமனாரைக் கிடத்த முன்னறையில் இடம் போதவில்லை என்று மருமகள் தையல் மிஷினைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டிருந்தபோது, வானியல் சங்கத்துச் செயலாளர் பூவும் கையுமாக வந்து நின்றார்.

பெரியவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்து உறுப்பினர் அட்டையைப் பிழிந்து சாறு எடுத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சங்கத்துத் தொலைநோக்கி வருஷத்தில் பாதி நாள் இந்த வீட்டு மொட்டைமாடியில்தான் குடியிருந்தது. புரியாத சொற்பொழிவுக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து, பிஸ்கட் தீரும்வரை சந்தேகம் கேட்பார். சனிக்கிரகத்து வளையம் ஆட்டம் கண்டுவிட்டதென்றும், தாமே ஸ்பேனர் போட்டு முறுக்கிவிட்டதாகவும் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்தில் ஒரு விதி. ஒருவர் மட்டும் கண்டது கணக்கில் வராது; இரண்டாவது ஆளும் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் மாடியிலிருந்து எந்நேரமும் கூப்பாடு: "ஏம்மா, ஓடி வா!" ஓடினால் பகல் நிலாவாக இருக்கும். இல்லாவிட்டால் செல்போன் கோபுரத்துக் காக்கை.

இன்று காலையும் கூப்பிட்டார்.

"இந்த ஜாக்கெட் கையைத் தச்சுட்டு வரேன் மாமா" என்று மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். தைத்து முடித்து மேலே போனபோது அவர் தலை நாற்காலியில் சாய்ந்திருந்தது. உடம்பில் சூடு மட்டும் மிச்சம்.

"அப்பா உன்னைக் கூப்பிட்டாரா?" என்று புருஷன் கேட்டான்.

"கூப்பிட்டார். எதையோ காட்டத்தான்."

அவன் நம்பிவிட்டான். அவளால்தான் முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டிருந்தால்?

"மேல இருக்கிறதை எடுத்து ஓரமா வச்சிடட்டுமாம்மா? ஆளுங்க நடமாடுற நேரம்" என்றார் செயலாளர். அவளும் கூடவே ஏறினாள். தொலைநோக்கியின் அடியில் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

"அடடே, மோட்டார் இன்னும் ஓடுது! பட்டப்பகல்ல வெள்ளியைப் பிடிச்சுக் காட்டறேன்னு என்கிட்ட சவால் விட்டிருந்தார் மனுஷன்."

"பிடிச்சிருந்தா... இப்பவும் உள்ள இருக்குமா?"

"பின்னே? அதைத் துரத்தத்தானே மோட்டாரு. கிடைச்ச பிறகுதான் உங்களைக் கூப்பிடுவார். வெறும் வானத்தைக் காட்டவா கூப்பிடுவார்?"

அவள் குனிந்து கண்ணை வைத்தாள்.

நீலம். ஓரத்திலிருந்து ஓரம்வரை நீலம். கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தாள். துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு புள்ளி, ஒரு தூசி கிடையாது.

"தெரியுதாம்மா?"

"ம்."

"பிறை மாதிரி இருக்கணுமே?"

"பிறை மாதிரிதாங்க இருக்கு. சின்னதா."

"கில்லாடிதான் அவரு! தள்ளுங்க, நானும் ஒரு தரம் பார்த்துடறேன்."

நிமிரும்போது அவள் கை குழாயில் பட்டது. பட்டதோ, தள்ளியதோ, குழாய் திரும்பி எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது.

செயலாளர் தொட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதும்மா" என்றார்.

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் முனகிக்கொண்டே குழாயைத் தொட்டியின் விளிம்பை நோக்கி நூல் நூலாக நகர்த்திக்கொண்டிருந்தது.