நிஜத்துக்குப் புள்ளி இல்லை

கொலராடோ மலையில் உள்ள பனிச்சறுக்கு விடுதியொன்றில் ஆண்டுதோறும், காட்டிலும் மலையிலும் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றும் 'காட்டு மருத்துவ' மாநாடு நடக்கும். காட்டில் நடத்தினால் டாக்டர்கள் வர மாட்டார்கள். காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. நடுவில் வெயில் நன்றாக இருக்கும் நேரம் முழுக்கச் சறுக்குவதற்கு. கல்வியை அவர்கள் மதித்தார்கள். பனியைக் கூடுதலாக மதித்தார்கள்.

மார்லிஸ் ஒமாஹா நகரத்தில் அவசர சிகிச்சை டாக்டர். பல வருடங்களாக இப்படி விடுதி விடுதியாகப் போய் வகுப்புகளில் உட்கார்ந்து காட்டு மருத்துவப் பட்டத்துக்குப் புள்ளி சேர்த்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. அது கிடைத்தால் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளலாம். மே மாதம் அலாஸ்காவுக்குக் கிளம்பும் மலையேறும் குழுவொன்று அவளை டாக்டராகக் கூப்பிட்டிருந்தது, பட்டத்தோடு வந்தால். அவர்கள் ஏறப்போகும் மலைமீது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

கடைசிப் புள்ளி, மீட்புப் பயிற்சிக்கு. பனியில் ஒருவர் அடிபட்டவராக நடிப்பார். குழுவாகப் போய் அவரைக் காப்பாற்ற வேண்டும். நடிப்பவர் 'நிஜம்' என்று சொன்னால்தான் பயிற்சி நிற்கும். டாக்டர்கள் யாராவது நடுவில் நிறுத்தினால், அவருக்குப் புள்ளி போச்சு.

அந்த வருடம் நடித்தவர் லைல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மதியச் சாப்பாட்டுக்காக வருடா வருடம் தொடையை உடைத்துக்கொள்பவர். காலையிலேயே அவரை மரத்தடியில் படுக்க வைத்துவிட்டார்கள். டாக்டர்கள் வருவதற்குத் தாமதமாயிற்று. குளிரில் உயிர் போகாமல் தடுப்பது எப்படி என்ற வகுப்பு நீண்டுவிட்டது. பிறகு காபி.

குழுத் தலைவர் ப்ரூயிட், ஃப்ளோரிடாவில் தோல் டாக்டர். அவர் மண்டியிட்டுக் கேட்டார்: "ஐயா, எங்க வலிக்குது?"

லைல் யோசித்தார். "பஸ்ஸு... லேட்டு" என்று குழறினார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அடடா, என்னமா நடிக்கிறாரு பாருங்க" என்றார் ப்ரூயிட். "காலையில வகுப்புல சொன்னது அப்படியே. குளிர் முத்திப்போனா துணியக் கழட்டுவாங்க."

"அவருக்குக் குடுத்த வேஷம் தொடை எலும்புதானே, டாக்டர்?" என்றாள் மார்லிஸ்.

"கலைஞர்னா சொந்தமா ரெண்டு சேப்பாரு, டாக்டர். ரசிக்கத் தெரியணும்."

மார்லிஸ் கையுறையைக் கழற்றி, லைலின் சட்டைக்குள் வயிற்றில் கை வைத்தாள். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைத் தொட்டது போலிருந்தது. எவ்வளவு பெரிய கலைஞனாலும் வயிற்றைக் குளிர வைக்க முடியாது.

"லைல், இது நிஜமா?"

"நல்லா இருக்கேம்மா" என்றார் லைல், மரத்தைப் பார்த்து.

அலாஸ்கா ஒரு கணம் கண்முன் வந்தது. அவள் எழுந்து, பக்கத்தில் நின்று புள்ளி போட்டுக்கொண்டிருந்த தேர்வாளரைப் பார்த்தாள். "நிறுத்துங்க. இவருக்கு நிஜமாவே குளிர் ஏறிடுச்சு."

"சொல்ல வேண்டியது அவரு, நீங்க இல்ல" என்றார் தேர்வாளர் ஓடெல், பேனாவை எடுத்தபடி.

"அவரு மரத்துக்கிட்ட பேசிட்டிருக்காரு, டாக்டர். வண்டியக் கூப்பிடுங்க."

அவள் லைலை உட்கார விடவில்லை. படுத்தபடியே உறங்குபையில் சுற்றி, அக்குளிலும் மார்பிலும் சூட்டுப் பைகளை வைத்து, சறுக்குப் படுக்கையில் ஏற்றி அனுப்பினாள். மிச்சப்பேர் ஒரு பொம்மையின் தொடைக்குக் கட்டுப்போட்டுப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் லைல் தேறி, சூப் கேட்டார். மார்லிஸ் ஓடெலைத் தேடிப் போனாள்.

"புள்ளி?"

"நீங்க செஞ்சது சிகிச்சை, டாக்டர். நாங்க புள்ளி குடுக்கறது கல்விக்கு."

"விட்டிருந்தா செத்திருப்பாரு."

"பயிற்சியில யாரும் சாகறதில்லம்மா. இது வரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அருமையான கேஸ். அடுத்த வருஷம் இதையே ஒரு வகுப்பா வச்சிடலாம்."

"நான் பேசறேன்."

"பேசறதுக்குப் பட்டம் வேணுமே. நானே பேசிடறேன். நீங்க வந்து கேளுங்க, புள்ளி கிடைக்கும்."

இரவு விருந்தில், புள்ளி நிறைந்தவர்களுக்குப் பட்டமும் பதக்கமும் கொடுத்தார்கள். சிறந்த நடிகர் பரிசு லைலுக்கு. "நான் நடிக்கலைங்க" என்றார் அவர். மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

கழுத்தில் பதக்கத்தோடு ப்ரூயிட் மார்லிஸின் மேஜைக்கு வந்தார். அலாஸ்கா குழுவுக்குப் பட்டத்தோடு ஒருவர் உடனே தேவைப்பட்டதாம். ஓடெல் ப்ரூயிட்டின் பெயரைச் சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்குத்தான் அந்த மலையப் பத்தி நல்லாத் தெரியும்னாங்க" என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டு. "மே மாசத்துல அங்க குளிருமா?"

மார்லிஸ் அவருடைய புதுப் பதக்கத்தைப் பார்த்தாள்.

"குளிரும், டாக்டர்" என்றாள். "அங்க நிஜமாவே குளிரும்."