உள்சுற்று இல்லாத புடவை

செத்துப்போன ஒருத்திக்கு எத்தனை முழம் புடவை வேண்டும்? நல்ல மனுஷி எவளும் இப்படி ஒரு கணக்குப் போட மாட்டாள். ரூபினி போட்டாள். அதுவும், சாகப்போகிறவள் பக்கத்து அறையில் உயிரோடு படுத்திருக்கும்போதே போட்டாள். சவப்பெட்டிக்குள் படுப்பவள் நடக்கப்போவதில்லை, குனியப்போவதில்லை. முன்னால் கொசுவம் தெரிந்தால் போதும், தோளில் தலைப்பு தெரிந்தால் போதும். முதுகை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? பாதிப் புடவை தாராளம் என்று சொல்லிற்று அவள் புத்தி.

படுத்திருந்தவள் கூடப்பிறந்த அக்கா, இமெல்டா.

ஆஸ்டின் டவுனில் இரண்டே அறை உள்ள வீடு. அக்காவுக்குப் புருஷன் ஆம்ப்ரோஸ் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. தங்கைக்குக் கல்யாணமே ஆகவில்லை. கோலார் தங்கவயலில் அம்மா செத்தபோது ரூபினி பள்ளிக்கூடப் பிள்ளை. அவளைக் கையைப் பிடித்து பெங்களூருக்குக் கூட்டிவந்து, ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்து, சோறு போட்டு ஆளாக்கியவள் இமெல்டா. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ரூபினிக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

ரூபினியின் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். பொம்மைக்குத் துணி தைக்கிறாள். பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை இல்லை. வசதிப்பட்டவர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற பீங்கான் முகப் பொம்மை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜெயலக்ஷ்மி மேடம் என்று ஒருவர் அப்படி ஒரு பெரிய கூட்டமே சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து ஆயா, அந்தக் காலத்து நர்ஸ், துரைசானி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலத்து உடுப்பு வேண்டும், உள்பாவாடை முதல் கொக்கி வரை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லராக இருந்து வேலை போன நேரத்தில் ரூபினிக்குக் கிடைத்த வேலை இது. உயிரை விட்டுத் தைத்தாள். ஊரில் யாரும் இவளை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை, மேடம் மட்டும் அவள் தைத்ததைக் கையில் எடுத்து, "எப்படிங்க ரூபினி இது!" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காக இவள் எதையும் செய்வாள். செய்தும்விட்டாள்.

மேடம் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். நடுவில் நிற்கப்போவது நூறு வருஷத்துக்கு முந்திய கன்டோன்மென்ட் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணப் பெண். பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்தார்: கைமுட்டி வரை சுருக்கம் வைத்த ரவிக்கை, கழுத்தில் லேஸ், தோளில் புரோச் குத்திய வெள்ளைப் பட்டு, தலையில் வலை. ரவிக்கையெல்லாம் ரூபினிக்கு ஊதித் தள்ளுகிற வேலை. புடவைதான் மானத்தை வாங்கியது. புதுப்பட்டு ஒரு முழ உயரப் பொம்மைக்குப் படியவே இல்லை, குடை மாதிரி விரித்துக்கொண்டு நின்றது. பழம்பட்டு வாங்குகிறவர்களைத் தேடி சிக்பேட்டுக்கும் போய்ப் பார்த்தாள். எல்லாம் சாண் அகலக் கரை. பொம்மைக்குக் கட்டினால் கரையே பாவாடையாகிவிடும்.

மெல்லிசுக் கரை போட்ட, நனைந்த துணி போல விழுகிற பழைய பட்டு ஒன்று வீட்டிலேயே இருந்தது. அம்மா கல்யாணத்தில் கட்டிய பால்நிறப் பட்டு. சாகும்போது அம்மா, "என்னை சாதா வாயில் நூல் புடவைலயே பொதைச்சுடுங்க, இது பெரியவ கல்யாணத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இமெல்டா அதைக் கட்டித்தான் மாதா கோயிலில் மாலை மாற்றினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு: "நான் செத்தா அம்மா பொடவைல பொதைங்க." ரூபினியின் உடம்பில் அது ஏறவே இல்லை. ஒருவன் வந்து கேட்டிருந்தால் ஏறியிருக்கும். அந்த எரிச்சல் அவளுக்கு உள்ளுக்குள் எப்போதும் இருந்தது. அம்மா எனக்கும் அம்மாதானே என்று நினைப்பாள், சொன்னதில்லை.

இமெல்டாவுக்கு வயிற்றில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைக் குடுங்க" என்றார் டாக்டர். ஆட்டோவில் கூட்டிவந்து படுக்கவைத்து, கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்ட அதே சாயங்காலம், ரூபினி அடுத்த அறையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அப்போதுதான் அந்தக் கணக்கு.

முதலில் இடுப்பில் செருகுகிற உள்தலைப்பில் மட்டும் கொஞ்சம் வெட்டினாள். அதை இஸ்திரிப் பெட்டி தீய்த்துவிட்டது. மறுபடி வெட்டினாள். கல்யாணப் பெண் அச்சாக வந்து நின்றாள். மேடம் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கூடக் கேட்க முடியாமல் கண் கலங்கினார். பிறகு, "இவ தனியா நிக்கிறாளே ரூபினி, பொண்ணோட அம்மாவும், ரெண்டு தோழிகளும் வேணாமா?" என்றார். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? ரூபினி வெட்டிக்கொண்டே போனாள். கத்திரி நின்றபோது கொசுவத்துக்கும் தலைப்புக்கும் மட்டும் பட்டு மிச்சம் இருந்தது.

ஆனால் இமெல்டா சாகவில்லை. வெயில் காலம் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தாள். வலி அடங்கிய நேரங்களில் வாய் மட்டும் பழையபடி நக்கல் பேசியது. "டாக்டர் போட்ட டேட்டு முடிஞ்சுபோச்சு, நான் இன்னும் ஓடிக்கினு இருக்கேன். எக்ஸ்பயரி தாண்டின ரொட்டிடி நானு." ரூபினி சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் டிரங்குப் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒருநாள் இமெல்டா சொன்னாள்: "ரூபி, வர்ற வெள்ளிக்கிழமை ஃபாதர் நன்மை கொண்டாறாரு இல்ல? அன்னிக்கு எங்க கல்யாண நாளுடி. அம்மா பொடவைய எடு. கட்டிக்கினு உக்காந்து வாங்குறேன்."

ரூபினி போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள். "உடம்பு தாங்காதுக்கா. சரிகை குத்தும்."

"குத்தட்டும். பெட்டில போட்டுவுட்டா எனக்கு எப்டி தெரியும்? உசுரோட ஒரே ஒரு தடவ கட்டிக்கிறேன்."

"பட்டு நைஞ்சு கெடக்குது, கிழிஞ்சுடும்."

"கிழிஞ்சா நீ எதுக்கு இருக்கே? ஊருக்கெல்லாம் தைக்கிற, எனக்குத் தைக்க மாட்டியா?"

அப்போதாவது காலில் விழுந்து சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்று இருந்தது. பொம்மைக்கு யாரும் புடவையைச் சுற்றிக் கட்டுவதில்லை, இடுப்பு பருத்துவிடும். கொசுவத்தை மடித்து ஒரு நாடாவில் தைத்து முன்னால் கட்டுவார்கள். தலைப்பைத் தனியாக மடித்துத் தோளில் தைப்பார்கள். உள்சுற்று கிடையாது. பார்க்கிறவர்களுக்கு முழுப் புடவை, பின்னால் ஒன்றுமே இல்லை. அக்காவும் இப்போது எலும்பும் தோலுமாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்து தைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காவைத் துடைத்து, ரவிக்கை போட்டு, நாடாவைக் கட்டி, தலைப்பைத் தோளில் வைத்து நாலு தையல் போட்டாள். முதுகுக்குத் தலையணைகளை அண்டை கொடுத்தாள். கண்ணாடியைக் காட்டினாள். இமெல்டா வெகுநேரம் பார்த்தாள். "ஆம்ப்ரோஸ் பாத்தா அடையாளம் தெரியாம வேற பொண்ணு தேடுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஃபாதர் வந்தார், ஜெபம் சொன்னார், நன்மை அப்பத்தை நாக்கில் வைத்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்களே!" என்று சிரித்துவிட்டுப் போனார். ரூபினி அவரை வாசல்வரை விட்டுவிட்டுத் திரும்பினாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

இமெல்டாவின் கை இடுப்பில் இருந்தது. ஆயுசு முழுக்கப் புடவை கட்டிய கை அது. செருகல் தளர்ந்திருக்கிறதா என்று தானாகப் போய்த் தொடுகிற பழக்கம். வலது இடுப்பைத் தடவியது, பின்னால் போனது. உள்பாவாடைதான் அகப்பட்டது. தலையணையிலிருந்து மூச்சிரைக்க முன்னால் சாய்ந்து, முதுகுக்குக் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு கொசுவத்தைப் புரட்டி, நாடாவையும் தையலையும் பார்த்தாள்.

"எங்கடி மீதி?"

புரண்ட கொசுவத்தைச் சரிசெய்ய ரூபினி கையை நீட்டினாள்.

"பொம்மைக்கா?"

"அக்கா..."

"இரு, அழாத. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அத மட்டும் சொல்லு. நான் பொழைச்சு எழுந்துடுவேன், அப்பால பாத்துக்கலாம்னு வெட்டினியா? இல்ல, இவ போய்டுவா, பொணத்துக்கு எதுக்கு முழுசுன்னு வெட்டினியா?"

ஐயோ, வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாமே! ரூபினி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பொழைச்சுடுவேன்னுதான்கா. சத்தியமா."

இமெல்டா தலையை ஆட்டினாள். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் ரூபினி பிழைத்திருப்பாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தோமே, அன்னிக்கு சாயங்காலம் பொட்டி தொறக்குற சத்தம் கேட்டுச்சு. அப்பால கத்திரி. தூங்குறேன்னு நெனச்சியா? பாவம், எனக்குத் துணி தேடுறா போல, இப்பவே சரிபண்ணி வைக்கிறான்னு நெனச்சுக்கினேன். எனக்காக அழுதுக்கினே தைக்கிறன்னு நெனச்சேன்டி."

தெருவில் தக்காளிக்காரனின் ஸ்பீக்கர் கன்னடத்தில் கத்திக்கொண்டு போனது. இமெல்டா தோளில் தைத்திருந்த தலைப்பை விரலால் தள்ளினாள்.

"கழட்டு."

தோள் தையலை ரூபினி நகத்தால் பிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கடைசியில் கத்திரியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் இமெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். நைட்டியை மாட்டிவிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"என்னை அம்மா மாதிரி வாயில் பொடவைலயே பொதைச்சுடு. அத நீயே வெச்சுக்க. நீ சாகறப்ப உனக்கு வேணும். பொணத்துக்கு அவ்ளோ போதும்னு கணக்குப் போட்டவ நீதானே."

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாள், மாத்திரை கேட்டாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடவே இல்லை. ரூபினி ராவும் பகலும் பக்கத்திலேயே கிடந்து, படுக்கைப் புண்ணைத் துடைத்து, காலைப் பிடித்துவிட்டாள். ஒருநாள் விடியும்போது, மன்னிச்சேன் என்ற ஒரு வார்த்தை சொல்லாமல், இமெல்டாவின் உயிர் பிரிந்தது.

வாயில் புடவை கட்டிப் பெட்டியில் வைத்தார்கள். ஜெயலக்ஷ்மி மேடம் பெரிய மாலையோடு வந்து, ரூபினியைக் கட்டிக்கொண்டார். கோயில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். எதிர்வீட்டு காந்தா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா பொடவை, அம்மா பொடவைன்னு சொல்லிக்கினே இருந்தாங்களே, ஏன் ரூபி கட்டல?" என்று கேட்டாள்.

"அக்கா வேணாம்னுட்டாங்க" என்றாள் ரூபினி. அது பொய்யும் இல்லை.

காந்தா மூக்கைச் சிந்திக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? அவங்க அம்மா அவங்களுக்கு விட்டுட்டுப் போன மாதிரியே, இவங்களும் தங்கச்சிக்கு இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. மகராசி! இந்தக் காலத்துல எந்த அக்கா செய்வா?"

எல்லோரும் ரூபினியைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஆமா" என்றாள்.