மாட்டைத் தின்றவர்கள் கொண்டுவந்த வேர்க்கட்டு

ஆட்சியைக் கவிழ்த்ததென்னவோ ஃபிஜித் தலைநகர் சூவாவில்தான். அடி விழுந்தது ரேவா ஆற்றுக்கு மேலே, பிரமிளாவின் கிழங்குத் தோட்டத்தில். பக்கத்துக் கிராமத்து ஃபிஜிப் பூர்வகுடி வாலிபர்கள் சிலர் வந்து, இந்தியக் குடும்பம்தானே என்று உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே பயந்து கிளம்பிய குடும்பம் மூன்று மாதமாக நவுசோரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கிடந்தது.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. மூன்று ஆபீசர்கள் மூன்று வண்டியில் மூன்று கிழமையில் வந்தார்கள். அரிசி ஆபீசர் ஹாலில் இருப்பவர்களுக்குத்தான் அரிசி கொடுப்பார். விதை ஆபீசர் தோட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் விதை கொடுப்பார். சமாதான ஆபீசருக்கோ இரண்டு தரப்பும் சூவா ஹோட்டலுக்கு வந்து மைக்கில் பேச வேண்டும். வீடு திரும்பினால் சோறு போச்சு, திரும்பாவிட்டால் விதை போச்சு. இந்த அழகில் நடவுக் காலம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மாசம் நடலன்னா சிட்னிக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். அண்ணன் பேப்பர் அனுப்பிட்டான்," என்றார் கணவர் தங்கராஜ்.

சிட்னியில் பிரமிளாவுக்கு என்ன இருக்கிறது? அவளுக்கு அவள் மண் வேண்டும். மூன்று ஆபீசர்களிடமும் தனித்தனியாகப் போய், சனிக்கிழமை காலை தோட்டத்துக்கு வரச் சொன்னாள். மற்ற இருவரும் வருவதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். நவுசோரிச் சந்தையில் பக்கத்தில் உட்கார்ந்து கீரை விற்கும் லித்தியா அந்தக் கிராமத்துக்காரி. அவளிடம் கிராமத்தாருக்கும் சேதி சொல்லி அனுப்பிவிட்டு, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கினாள். வேரை முன்னால் வைக்காமல் அந்த ஊரில் யாரும் எதையும் கேட்க முடியாது.

சனிக்கிழமை மூன்று வண்டிகளும் ஒரே சேற்றில் வந்து நின்றன. ஆபீசர்கள் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாய் விரித்து, பிரமிளா தன் கட்டை வைத்தாள். அதே நேரத்தில் கிராமத்தார் அதைவிடப் பெரிய கட்டு ஒன்றை வைத்தார்கள்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் கொண்டுவந்தது உழ உதவி கேட்கும் வேர். அவர்கள் கொண்டுவந்தது மன்னிப்புக் கேட்கும் வேர். அதைத் தொட்டு எடுத்தால் மன்னித்ததாக அர்த்தம். எடுக்காதவரை அவளுடைய கட்டை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். எடுக்க வேண்டியவர் தங்கராஜ். அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். சமாதான ஆபீசர் ஃபைலைப் புரட்டினார். அதில் இதற்கு வழி இல்லை.

லித்தியா தலை குனிந்தபடி, பிரமிளாவைத் தங்கை என்றழைத்து, அங்கே நம் ஆட்கள் பேசும் இந்தியிலேயே சொன்னாள்: "மாட்டத் தின்னுட்டாங்க, பஹினி. திருப்பித் தர வழியில்ல. எங்க மாட்டக் கொண்டாந்து உழுது தர்றோம்."

தங்கராஜ் கட்டிய கையை அவிழ்க்காமலே வேர்க்கட்டைப் பார்த்தார்.

"அது கிழட்டு மாடாச்சே," என்றார் கடைசியில். "கறி வெந்துச்சா?"

"வேகவே இல்ல!" என்றான் பின்வரிசையில் ஒருவன். பாய் முழுக்கச் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தங்கராஜ் கட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

இரண்டு கட்டையும் ஒன்றாக இடித்து ஒரே சட்டியில் கரைத்தார்கள். அரிசி ஆபீசரின் அரிசி வெந்தது. கிராமத்து மாடுகள் உழுத சாலில் விதை ஆபீசரின் விதை விழுந்தது. சமாதான ஆபீசர் மண்வெட்டி பிடித்து உள்ளங்கையில் கொப்புளம் வாங்கினார். சமாதானம் தன்னால்தான் வந்தது என்று மூவருமே அறிக்கை எழுதியிருப்பார்கள், எழுதட்டும்.

கிளம்பும்போது அரிசி ஆபீசர் தாளை எடுத்தார். "இருப்பிடம் என்னன்னு போட? ஹாலா, தோட்டமா?"

தங்கராஜ் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"வீடுன்னு போடுங்க," என்றார்.

மூன்று மாதமாக அழாத பிரமிளா அப்போதுதான் அழுதாள்.