விருப்ப வரிசை (பென்சில் திருத்தங்களுடன்)

1

இந்தக் கதை ஒரு தில்லுமுல்லில் பிறந்தது. செய்தவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ‘விருப்ப வரிசை’ என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் கடைசித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நீயே ஏத்திடு. முதல்ல இயந்திரவியல் பள்ளி. ரெண்டாவது, உன் ஆசைக்கு, இலக்கியப் பள்ளி” என்றாள். நான் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு அனுப்பினேன். கை தவறவில்லை. பதினெட்டு வருஷமாகக் கதை எழுதுகிறேன், வீட்டில் எனக்குத் துணையாக இன்னொருத்தி எழுத வந்தால் என்ன என்று ஒரு நப்பாசை. எப்படியும் கிடைக்காது என்று ஒரு சமாதானம்.

கிடைத்துவிட்டது.

“வரிசை எப்படிம்மா மாறிச்சு?”

“கம்ப்யூட்டர்ல ஏதோ குளறுபடி போல.”

இதுவரை நாற்பது கதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட இத்தனை சரளமாகப் பொய் வந்ததில்லை.

(இடைக்குறிப்பு: இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ‘பள்ளி’ என்று பெயர். மகள் பள்ளி மாறப் போகிறாள் என்று எதிர்வீட்டம்மாவிடம் சொன்னபோது, “மறுபடியும் பள்ளிக்கூடமா? பாஸ் பண்ணிட்டான்னு சொன்னீங்களே!” என்று மார்பில் கை வைத்துக்கொண்டார்.)

2

முதல் தொடக்கம்:

இயந்திரங்களின் இரைச்சலிலிருந்து தப்பி, சொற்களின் நிழலைத் தேடி அவள் ஓடிவந்தபோது—

இதை விட்டுவிட்டேன். விட வைத்தார்கள் என்பது சரி. சாப்பாட்டு மேசையில் கிடந்த காகிதத்தில் மறுநாள் ஓரமாக ஒரு பென்சில் எழுத்து இருந்தது.

[அம்மா, இது யாரு? நான் இலக்கியத்துலேர்ந்து இயந்திரவியலுக்குப் போறேன். நீ அங்கேர்ந்து இங்க இழுக்கற.]

அன்றிலிருந்து என் பிரதிக்கு இரண்டு பேர் சொந்தம். சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவளுடையது. நான் எதையும் அழிக்கவில்லை.

இரண்டாவது தொடக்கத்தில் உவமையே கிடையாது. காலை ஒன்பதே கால். நிர்வாகக் கட்டடம், மூன்றாவது கவுன்ட்டர். புதிதாகச் சேர்ந்தவர்கள் வகுப்பு தொடங்குவதற்குள் ஒரே ஒரு முறை பள்ளி மாறலாம். எழுத்தர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னார்.

“நல்லா யோசிச்சுக்கோங்க. இதுல கையெழுத்து போட்டா இலக்கிய இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். இயந்திரவியல்ல காலி ஒண்ணுதான். கேக்கறவங்க பதினோரு பேரு. கெடைக்கலைன்னா ரெண்டும் போச்சு. ஒரு வருஷம் வீட்டுலதான்.”

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் தில்லுமுல்லுக்கு அவள் ஒரு வருஷத்தைப் பணயம் வைக்கப் போகிறாள்.

“பேனா இருக்கா சார்?” என்றாள் அவள்.

3

விண்ணப்பத்துடன் ஒரு பக்கத்தில் காரணம் எழுதி இணைக்க வேண்டும். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

“அவளே எழுதட்டுமே” என்றார் என் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். மகளுக்குத் ‘திருப்புளி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஆறு வயதில் மேசை விசிறியைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டு, மாலைக்குள் மாட்டியும் விட்டாளாம்.

“எழுதறது என் தொழில். உங்க லிஃப்ட்ல நான் கை வெக்கறேனா?” என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்தக் கடிதத்திலிருந்து ஒரு வரி: ‘சுழலும் பற்சக்கரங்களின் மௌனத்தில் நான் என் பெயரைக் கேட்டேன்.’ இப்போது படித்தால் கூசுகிறது. அன்றைக்கு, எழுதிய எனக்கே கண் கலங்கியது.

அவள் படித்தாள். “நல்லாத்தாம்மா இருக்கு” என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

[நீ அழுதுட்டே நீட்டின. எப்படி வேண்டாம்னு சொல்றது?]

4

இடம் கேட்டவர்களுக்கு இயந்திரவியல் பள்ளியில் நேர்காணல். அந்த அறையில் நான் இல்லை. வெளியே பெஞ்சில் இருந்தேன். வீடு திரும்பும்போது அவள் சொன்னது மூன்றே வாக்கியம். மிச்சத்தை நான்தான் கட்டி எழுப்ப வேண்டும்.

நீண்ட மேசை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமைப் பேராசிரியை, மூக்கு நுனியில் கண்ணாடி.

[ரெண்டு பேருதான். மேடம், பக்கத்துல ஒரு சார். கண்ணாடி இல்ல.]

கண்ணாடி இல்லாத பேராசிரியை கடிதத்தைப் படித்து முடித்தார். “ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. இவ்வளவு எழுதத் தெரிஞ்சவங்க இங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? பேசாம இலக்கியத்துலயே இருந்திருக்கலாமே!”

வாசகரே, கவனியுங்கள். நான் எழுதியதிலேயே மிகச் சிறந்த பக்கம், என் மகளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினேழு வயதுப் பெண், எதிரில் ஒரே ஒரு காலியிடம். புன்னகைத்துச் சமாளிக்க மாட்டாளா? அவள் ஜன்னலைப் பார்த்தாள், எச்சில் விழுங்கினாள், காலம் ஒரு கணம்—

[ஜன்னலே இல்ல. உடனே சொல்லிட்டேன்.]

“இது நான் எழுதல மேடம். எங்க அம்மா எழுதினது.”

இதுவரைதான் எனக்குத் தெரியும். அடுத்த பத்தியை நான் தொடங்குவதற்குள் பென்சில் புகுந்துவிட்டது.

[ஒண்ணு உங்கிட்ட சொல்லல. அந்த சார், ‘விருப்ப வரிசையிலயும் இலக்கியம்தானே முதல்ல இருக்கு? அதையும் அம்மாதான் போட்டாங்களா?’ன்னு கேட்டாரு. ‘அது தப்பா விழுந்துடுச்சு சார்’னு சொன்னேன். இடம் கெடச்ச அன்னிக்கு சாயங்காலமே ரசீதை பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டேம்மா. நீ அனுப்பின நேரம், வரிசை எல்லாம் அதுல இருந்துச்சு.]

நின்றபடி படித்துக்கொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் என் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். தெரிந்தேதான் வரிசை விஷயத்தில் அந்த அறையில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாள். அழுதேன். எழுத்தாளர் அழுவது போல இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

5

பேராசிரியை ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். “அப்போ நீங்களே எழுதுங்க. பத்து நிமிஷம்.”

அவள் எழுதியதை, பிறகு எனக்கு அவளே எழுதிக் காட்டியபடி, ஒரு சொல் மாற்றாமல் தருகிறேன். மாற்றத் துடித்தேன் என்பதும் உண்மை.

‘எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மூன்றாம் மாடியில் சரியாக நிற்பதில்லை. இருபத்து மூன்று நாள் ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆள் நிறைந்து கீழே வந்தால் நான்கு சென்டிமீட்டர் வரை இறங்கி நிற்கிறது. காலியாக மேலே வந்தால் தரைக்கு மேலே நிற்கிறது. பிரேக் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கணக்குப் போட்டு நிரூபிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்.’

தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் லிஃப்ட் பக்கம் போனதை நான் பார்த்திருக்கிறேன். யாரையோ பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஸ்கேலை நான் பார்க்கவே இல்லை.

“எப்படி அளந்தீங்க?” என்று கேட்டாராம் பேராசிரியை.

“கதவு தொறந்ததும் குனிஞ்சு. ரெண்டு தடவை கை மாட்டிக்கிச்சு மேடம்.”

உள்ளே சிரிப்புச் சத்தம் எழுந்தது. அது கற்பனை இல்லை, பெஞ்சில் இருந்த என் காதில் விழுந்தது.

நான்கு மணிக்குப் பலகையில் ஒட்டினார்கள். ஒரே ஒரு எண், அவளுடையது! படிகளில் இரண்டிரண்டாகத் தாவி வந்தாள். “அம்மா! கெடச்சிடுச்சும்மா!” கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் கத்தினேன். கணவருக்குப் போன் போட்டபோது அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின்மேல் நின்றுகொண்டிருந்தார். “என் திருப்புளி ஜெயிச்சுட்டாளா!” என்று அவர் போட்ட கூச்சல் எட்டு மாடிக்கும் எதிரொலித்தது. வாழ்நாளில் எந்த வாக்குவாதத்திலும் நான் இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதில்லை.

6

முடிவுகள்.

(அ) பல வருஷங்கள் கழித்து, பொறியாளரான அவள் ஒரு நாவல்—

[அம்மா!]

(ஆ) அவள் படித்து முடித்து வந்து, முதல் வேலையாக மூன்றாம் மாடி லிஃப்ட்டை—

[அதுவரைக்கும் எல்லாரும் தடுக்கி விழணுமா? நம்ம லிஃப்ட்டைப் பாத்துக்கற கம்பெனிக்கு அப்பா போன் பண்ணிட்டாரு.]

(இ) தாயும் மகளும் கட்டிக்கொண்டு—

இதை அவள் அடிக்கவில்லை. கீழே எழுதியிருந்தாள்.

[இது நடந்துச்சு, இருக்கட்டும். ஆனா முடிவுன்னு போடாத. நான் இன்னும் ஒரு கிளாஸுக்குக்கூட போகல. அதுக்குள்ள ஏம்மா முடிக்கற?]

விண்ணப்பத்தை நிரப்பினேன், கடிதம் எழுதினேன், இப்போது கதை. மூன்று முறை அவளுக்குப் பதிலாக எழுதிவிட்டேன். போதும். நாளைக் காலை எட்டரைக்கு அவளுக்கு முதல் வகுப்பு. அதன்பிறகு என்ன நடக்கிறது என்று உங்களுக்கு எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். அவளிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.