ஒரே நீளத்தில் இழைகள்

தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் தோளிலும் இடுப்பிலும் மாட்டிக்கொள்கிற பாதுகாப்பு பெல்ட் தைக்கும் இடம் அது. பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிற மேசை அவளுடையது. ஒரு தையல் பிசகியிருந்தாலும் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாள். தையல்காரிகள் முதுகுக்குப் பின்னால் அவளைக் கரித்துக்கொட்டுவார்கள். அது அவளுக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான், தம்பி பெல்ட் அறுந்து செத்துப்போனான் என்று போன் வந்தது.

தம்பி கடல் கடந்து போய் நாலு வருஷம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. மொட்டைமாடிச் சுவரை எட்டிப் பார்க்கச் சொன்னாலே வியர்த்துக் கொட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் எவனாவது அடித்தால் அழுதுகொண்டே அக்காவிடம் ஓடிவருவான்; இவள் போய் அடித்தவனை ஒரு வழி பண்ணிவிட்டு வருவாள். கல்லூரியில் தேறாமல் போனதும் ஆறு மாசம் இவளுடைய தொழிற்சாலையிலேயே பெல்ட் இழுத்துப் பார்க்கும் சோதனைப் பிரிவில் நின்றான். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு வெளிநாடு போய்விட்டான். "உயரத்துல பயமா இல்லையாடா?" என்று இவள் ஒருமுறை போனில் கேட்டாள். "கீழ பாத்துக்கிட்டே இருக்கிறதுதான்க்கா வேலையே. பாத்துப் பாத்துப் பயத்துக்கே அலுத்துப்போச்சு" என்றான்.

கம்பெனி சொன்ன கதை சின்னது. மூடுபனி அடர்ந்த காலையில் கிரேன் உச்சியில் கம்பிவடத்துக்கு மசகு போட ஏறியிருக்கிறான். கால் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான். பெல்ட் தாங்கவில்லை. ஹெல்மெட்டும் ஒரு கையுறையும் கிடைத்தன, உடல் கிடைக்கவில்லை. நெருங்கிய உறவு ஒருவர் வந்து கையெழுத்துப் போடவேண்டும். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். இவள் கிளம்பினாள்.

விமான நிலையத்தில் கம்பெனி அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். காதை மூடிய கம்பளித் தொப்பி. தமிழ் கேட்டு எத்தனை நாளாச்சு என்று ஆரம்பித்தவர் வழி நெடுக வாயை மூடவில்லை.

"என்ன வேலம்மா பாக்கிறீங்க?"

"பெல்ட் கம்பெனியில தரம் பாக்கிறேன் சார். பாதுகாப்பு பெல்ட்."

அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கொஞ்ச தூரம் போனபிறகு, "அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

துறைமுகத்தை அவள் பார்த்தது மூடுபனிக்குள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பெட்டிகள், வீடே இல்லாமல் தெருக்கள் மட்டும் உள்ள ஊர்போலப் போய்க்கொண்டே இருந்தன. நடுவே நான்கு இரும்புக் கால்கள். ஒவ்வொரு காலும் அவள் வீட்டு அகலம். அண்ணாந்து பார்த்தாள், கால்கள் வெள்ளைக்குள் ஏறி மறைந்தன. உச்சி இருப்பதற்கான அடையாளமே இல்லை.

கிரேனடியில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி நின்றிருந்தாள். ஒட்ட வெட்டிய நரைமுடி, சீருடை இல்லாத கறுப்புக் கோட்டு. அவள் ஒரு நிமிஷம் போலப் பேசினாள். மொழிபெயர்ப்பாளர், "வருத்தம் தெரிவிக்கிறாங்க" என்றார்.

"அவ்வளவு நேரம் பேசினாங்களே சார்."

"ரொம்ப வருத்தமாம்."

தம்பி வேலை பார்த்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று இவள் கேட்டாள். அதிகாரி தலையசைத்து, கிரேன் காலில் ஒட்டியிருந்த கூண்டு லிப்டைத் திறந்தாள். மொழிபெயர்ப்பாளர் ஓரடி பின்வாங்கினார். "எனக்குத் தலை சுத்தும்மா. நீங்க போய்ட்டு வாங்க. பாக்கிறதுக்கு மொழி எதுக்கு?"

கூண்டு கடகடவென்று ஏறியது. சுற்றிலும் வெள்ளை. தன் கையே மங்கலாகத் தெரிந்தது. திடீரென்று, தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியதுபோல, வெளிச்சம்.

மேலே துடைத்துவிட்ட நீல வானம். கீழே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, பஞ்சை உலர்த்தியதுபோல மூடுபனி. அதற்குமேல் மற்றக் கிரேன்களின் தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கப்பலும் கடலும் ஊரும் எல்லாம் அடியில் முங்கிக் கிடந்தன. இந்த இடத்துக்குத் தன் தம்பி தினமும் டிபன் டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஓட்டுநர் அறை ஒரு ஆள் அகலம். தரை கண்ணாடி. அதன்மேல் காலை வைக்க அவளுக்கு உள்ளங்கால் கூசியது. அதிகாரி கதவைச் சாத்திவிட்டுத் தன் போனில் ஏதோ சொன்னாள். போன் அதைத் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற குரலில் பேசியது.

"பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு. உங்கள் சகோதரர் கப்பலிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். அது லாரிக்குச் செல்ல வேண்டும். அவர் அதை லாரியில் வைக்கவில்லை."

அதிகாரி ஜன்னல் வழியாக விரல் நீட்டினாள். பனி கலைந்த ஓர் ஓட்டையில், தூரத்தில், மஞ்சள் கட்டடம் ஒன்று தெரிந்தது.

"அது சுங்க அலுவலகம். அவர் பெட்டியைத் தொங்கவிட்டபடி கிரேனைத் தண்டவாளத்தில் முந்நூறு மீட்டர் ஓட்டிச் சென்றார். வானொலியில் அனைவரும் நிறுத்து என்று கத்தினர். அவர் நிறுத்தவில்லை. வாசலில் வைத்தார்."

பிறகு ஒரு படத்தைக் காட்டினாள். மஞ்சள் கட்டடத்தின் முன்னால் கதவு திறந்த பெட்டி. போர்வை போர்த்திய மனிதர்கள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருத்தி கையில் குழந்தை. இவள் பழக்கதோஷத்தில் எண்ணினாள். பதினொன்று.

"அனைவரும் உயிருடன்" என்றது போன்.

"அவனா?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். அதிகாரிக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்று தலையசைத்தாள். அடிபட்டால் அக்காவைத் தேடி ஓடிவருகிறவன் இத்தனை உயரத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து, காதில் அத்தனை பேர் கத்தக் கத்த, பதினோரு உயிரை ஒரு கம்பிவடத்தில் தொங்கவிட்டு ஓட்டிப் போயிருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. கோயில் கருவறைக்கு முன்னால் நிற்கிறபோது வருமே, அப்படி ஒரு நடுக்கம் வந்தது.

போன் இன்னும் இரண்டு வாக்கியம் பேசியது. "லாரி அருகில் நின்றவர்களை அவர் மேலிருந்து பார்த்தார், அவர்கள் இன்னும் பிடிபடவில்லை. கீழே இதைப் பற்றிப் பேசாதீர்கள்."

கம்பெனி அலுவலகத்தில் நீள மேசை. ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். பளபளவென்று சவரம் செய்த முகம், கழுத்தை இறுக்கிய டை. மறுபக்கம் அதிகாரி. இவளுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் பையில், கொக்கியோடு முழ நீளத்துக்கு மிஞ்சிய பெல்ட் வார். கிரேன் உச்சியின் கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்ததாம். தம்பியின் பேரில் முதல் எழுத்து வாரில் மையால் எழுதியிருந்தது.

வக்கீல் சிரித்த முகமாக ஏதோ சொன்னார்.

"நீங்க இந்தத் தொழில்லயே இருக்கிறவங்களாம். இது தானா அறுந்ததா, யாராவது அறுத்ததான்னு பாத்து சொல்ல முடியுமான்னு கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். அவரும் அவள் முகத்தையே பார்த்தார்.

கைப்பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். எங்கே போனாலும் அது கூட வரும்.

முனை பிசிர் பிசிராகத்தான் இருந்தது. யார் பார்த்தாலும் பிய்ந்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் பாரம் இழுத்துப் பிய்கிற வாரில் ஒவ்வொரு நூலும் தாங்குகிறவரை தாங்கி, தன் தன் இடத்தில் அறும். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நுனியெல்லாம் சுருண்டு கிடக்கும். வருஷத்துக்கு ஆயிரம் வாரை இழுத்துப் பிய்த்துப் பார்க்கிறவள் அவள். இங்கே எல்லா இழையும் ஒரே நீளம். யாரோ கத்தியால் நேராக நறுக்கிவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து நுனியைக் கோதிப் பிரித்துவிட்டிருக்கிறார்கள்.

யாரோ கொன்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி பார்த்தாள். ஆள் தொங்குகிற வாரை அறுத்தால் பாதி அறுக்கும்போதே மீதியைப் பாரம் பிய்த்துவிடும். இதில் கடைசி நூல் வரை கத்திதான். கொக்கி பக்கத்துத் தையலில் ஓர் இழுப்புக்கூட இல்லை. இந்த வாரில் யாரும் தொங்கவே இல்லை. நேராக வெட்டிய முனை காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்து, கோதிவிடுகிற பொறுமை உள்ளவன் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்க முடியும்? அவள் தொழிற்சாலைச் சோதனைப் பிரிவில் ஆறு மாசம் நின்ற ஒருவன் இருக்கிறான்.

அவன் சாகவில்லை.

நிமிரவில்லை அவள். அறுத்தது என்று சொன்னால் போலீஸ் கொலைகாரனைத் தேடும். ஆனால் தாங்கள் அறுக்கவில்லை என்பது பெட்டியில் ஆள் கடத்தினவர்களுக்குத் தெரியும். அப்படியானால் அறுத்தது யார் என்று அரை நொடியில் புரிந்துகொள்வார்கள். அவர்களில் ஒருவன் இந்த அறையிலேயே இருக்கலாம்.

பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு பொய்ச் சான்று எழுதினதில்லை.

"அறுந்ததுதான்" என்றாள். "வெயிலும் உப்புக் காத்தும் பட்டு நூல் செத்துப்போச்சு. காலத்துல மாத்தியிருக்கணும். எவனும் மாத்தல. நாங்க இப்படி ஒரு பெல்ட்டை வாசல் தாண்ட விடமாட்டோம் சார். சொல்லுங்க அவர்கிட்ட."

அப்புறம்தான் அழுதாள். அடக்கி வைத்திருந்த சந்தோஷம் அது என்று யாருக்கும் தெரியாது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் தோள் குலுங்குவது ஒரே மாதிரிதானே. வக்கீல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் அதிகாரி, தானே கொண்டுபோய் விடுதியில் விடுவதாகச் சொல்லி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டாள். கார் ஊரைத் தாண்டியது. பிறகு போனை உயர்த்திப் பேசினாள்.

"நீங்கள் பொய் சொன்னீர்கள்" என்றது செய்தி வாசிக்கிற குரல். "எதுவும் சொல்லாமல் கொடுத்துச் சோதித்தபோது, எங்கள் ஆய்வகத்துக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. உங்களுக்கு நான்கு நிமிடங்கள். நன்றி."

"எங்க அவன்?" என்று மட்டும் கேட்டாள் இவள்.

இரண்டு மணிநேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பல் வைத்தியசாலைக்கு மேலே ஒரு வீடு. கதவைத் திறந்த இளம் போலீஸ்காரிக்குப் பின்னால், சமையலறையில், தம்பி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அக்காவைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தான்.

ஓங்கி ஒன்று விட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

"அம்மா மூணு நாளா பச்சைத் தண்ணி குடிக்கலடா."

"சொல்லக்கூடாதுன்னுட்டாங்க அக்கா. நான் செத்தாதான் அவனுங்க மறுபடி வேலைய ஆரம்பிப்பானுங்கன்னு..."

அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலமே மொழிபெயர்ப்பாளர் வக்கீலுக்குப் போன் செய்து, அந்தம்மா நம்பிவிட்டாள், இனி கவலையில்லை என்றார். போலீஸ் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் அடுத்த பெட்டி வந்தது. காத்திருந்து அமுக்கினார்கள்; அதிலிருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். வக்கீல், மொழிபெயர்ப்பாளர், லாரிக்காரன் என்று ஏழு பேர் கம்பி எண்ணினார்கள். தம்பி நீதிமன்றத்தில் நாலு மணிநேரம் நின்று, லாரி பக்கத்தில் நின்ற ஒவ்வொருவனையும் கை நீட்டிக் காட்டினான். அந்த எட்டு நாளும் அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். அம்மாவிடம் போனில், "உடம்பு கிடைக்கிற வரைக்கும் நான் எதையும் நம்பப்போறதில்ல. நீயும் நம்பாத. எழுந்து சாப்பிடு" என்று அதட்டினாள். மகள் அதட்டினால் ஏதோ விஷயம் இருக்கும் என்று அம்மாவும் எழுந்து சாப்பிட்டாள்.

ஆனால் அன்று, அந்தச் சமையலறையில், மீதிக் கிழங்கை இவள் வாங்கி உரித்துக்கொண்டே கேட்டது ஒன்றுதான்.

"அவ்வளவு உசரத்துல இருந்து உள்ள ஆள் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? சத்தம் கேட்டுதா?"

"சத்தமாவது. இன்ஜின் இரைச்சல்ல என் குரலே எனக்குக் கேக்காது." மேசைமேல் கிடந்த தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினான். "அன்னைக்கு நல்ல குளிர் அக்கா. விடிஞ்சு வெளிச்சம் வந்துச்சு. கப்பல் மேல பெட்டி நூத்துக்கணக்கா இருக்கும். நான் பாக்கிறது எல்லாம் அதோட கூரைதானே. எல்லாக் கூரையும் பனி உறைஞ்சு வெள்ளைவெளேர்னு இருக்கு. உப்பு காய வச்ச மாதிரி."

"சரி."

"ஒண்ணு மேல மட்டும் பனி இல்ல. கறுப்பா, ஈரமா இருந்துச்சு."

அவள் கை நின்றது.

"யோசிச்சேன். சாமான்ல ஏது சூடு? அப்புறம் பாத்தா அந்த ஈரத்துல இருந்து லேசா ஆவி போகுது. உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்காங்க அக்கா. பதினோரு பேரோட மூச்சு, இரும்பைத் தாண்டிப் பனிய உருக்கியிருக்கு."

கீழே பல் வைத்தியரின் இயந்திரம் ரீங்கரித்து நின்றது. போலீஸ்காரி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். இவள் கத்தியைக் கீழே வைத்தாள். தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.