உடைக்கத்தானே கேட்டார்கள்

"நல்ல முட்டையாப் பாத்து எடுத்து வெக்கச் சொன்னனா இல்லையா? நீ என்னத்தைத் தூக்கிக் குடுத்தே?"

"ஒடைக்கத்தானுங்களே கேட்டாங்க, திங்கறதுக்கா—"

"அதுக்குன்னு கூமுட்டையவா குடுப்பே? ஒரு பொண்ணு தலையில—"

"மெதுவாப் பேசுங்க, ஆரு காதுலயாவது உழுந்திரப் போவுது!"

முட்டை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். வெளியே, எங்கள் கோழி ஷெட்டில், டி.வி. தொடர் ஒன்றின் படப்பிடிப்பு. பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கண்ணாலேயே பொருள்களைத் தூக்கும் சக்தி வந்துவிடுகிறது, அதுதான் கதை. அன்றைக்கு அவள் கோபத்தில் முறைக்க, அட்டை அட்டையாக முட்டைகள் எழும்பிப் பறந்து அவள் தலைமேலேயே உடைய வேண்டும். பறப்பதைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்வார்களாம். உடைவது மட்டும் நிஜம். சாரத்தின்மேல் இரண்டு பேர் நின்று கொட்டினார்கள்.

நல்ல முட்டையை மண்ணில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. குழியில் புதைக்க ஒதுக்கிவைத்திருந்த பதினைந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். சும்மாவும் கொடுக்கவில்லை. எச்சம் போகக் கழுவி, ஈரத்துணியால் துடைத்து, பார்வைக்குப் புதுசாக்கிக் கொடுத்தேன்.

அந்த வேஷத்தில் நடிக்க வந்த அகல்யா சேந்தமங்கலத்துப் பெண். இதுதான் முதல் வாய்ப்பு. மூன்று தடவை கொட்டினார்கள். மூன்று தடவையும் குமட்டி வாந்தி எடுத்தாள். கோழிப் பண்ணை என்றால் இப்படித்தான் நாறும்போல என்று சென்னை ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரருக்கு முதல் முட்டையிலேயே தெரிந்துவிட்டது.

"போயி டைரக்டர்கிட்டச் சொல்லு சௌந்திரம். அந்தப் பொண்ண மாத்தப் போறாங்களாமா."

"நீங்களே சொல்லுங்க."

"நானா கழுவித் தொடச்சுக் குடுத்தேன்?"

கதவைத் திறந்துகொண்டு போனேன். டைரக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முட்டை நாத்தத்தையே தாங்க மாட்டேங்கறா, இவளுக்கு என்ன சூப்பர் பவர்? சேலத்துல இன்னொரு பொண்ணைப் பார்த்தோமே, அவளை வரச் சொல்லுங்க."

என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"உங்க முட்டைக்கு ஒரு குறையும் இல்லம்மா. பொண்ணுதான் சரியில்லை."

சொல்லத்தான் போனேன். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அகல்யா குனிந்து உட்கார்ந்திருந்தாள். சொம்பில் மொண்டு ஊற்றினேன். முடியில் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

"நீங்க எதுக்குங்க பெரியம்மா இதெல்லாம்? கை நாறிப்போயிருமுங்க."

"நாறட்டும் சாமி, குனி."

அவள் குனியவில்லை. ஈரமுகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஊட்லயும் கோழி இருக்குதுங்க பெரியம்மா. முட்டை ஒடஞ்சா இப்படி நாறுனதே இல்லீங்க... இல்ல, அவங்க சொல்றாப்புல, எனக்குத்தான் நடிக்க வரலீங்களா?"